மேல் ஆள்

செப்டம்பர் 8

காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர்க் குழாய் பதிக்கிறவன் வீட்டில் குடம் காலி. மருமகள் விடுவாளா? "உங்க புள்ளைகிட்ட சொல்லுங்க அத்தை, நம்ம வீட்டுலயும் மனுஷங்க இருக்காங்கன்னு" என்றாள். சொன்னேன். அவன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்துவிட்டுப் போனான்.

மதியம் பேரன் பேசினான். பட்டாளத்தில் பயிற்சி முடிந்து, சண்டை நடக்கிற முன்வரிசைக்கு அனுப்பிவிட்டார்களாம். குரல் நன்றாக இருந்தது. கொஞ்சம் தடித்த மாதிரிகூட இருந்தது. ஆம்பளைக் குரல்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி மெஷினில் உட்கார்ந்தபடியே பேரனை விசாரித்தாள். முன்வரிசை என்றேன். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன். அவள் மகனுக்கும் இவன் வயதுதான், இவனோடு சேர்த்துத்தான் அழைப்பு வந்தது. அவன் வெளிநாட்டில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். "அவனுக்குக் கால்ல ஆணி பெரியம்மா, நிக்க முடியாது" என்றாள். "விமானத்துப் படியில நல்லாத்தானே ஏறுச்சு அந்தக் கால்" என்றேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு மெஷினை மிதித்தாள்.

செப்டம்பர் 13

பேசவில்லை. பேரனுக்குச் சிக்னல் கிடைத்திருக்காது.

செப்டம்பர் 19

இன்று நிறையப் பேசினான். அவர்கள் இருக்கும் இடத்துக்குப் பதுங்குகுழி என்று பேராம். "பேருதான் பாட்டி பெருசு. நம்ம பள்ளம்தான். குழாய் மட்டும் இல்ல" என்றான். நீளமாக வெட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குள்ளேயே நிற்பது, தூங்குவது, சாப்பிடுவது எல்லாம். அந்தப் பக்கம் எதிரிக்காரனும் இதே மாதிரி ஒரு பள்ளத்தில் இருக்கிறானாம்.

அவனோடு இருக்கிற பையன்களில் ஒருத்தன் வங்கியில் வேலை பார்த்தவன், ஒருத்தன் முடிவெட்டுகிறவன், ஒருத்தன் காலேஜில் பாதியில் வந்தவன், மூக்குக்கண்ணாடி போட்டவன். யாருக்கும் மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. இவன் போய் முதல் வேலையாகச் சுவருக்குப் பலகை முட்டுக் கொடுத்தானாம். அங்கேயும் அவனுக்குப் பெருச்சாளி என்று பேர் வந்துவிட்டது. "நான் சொல்லவே இல்ல பாட்டி, அவங்களா வச்சாங்க" என்றான். வீட்டில் அவன் அப்பன் வைத்த பேர் அது. நடக்கத் தெரியும் முன்னால் பூந்தொட்டி மண்ணை எல்லாம் வாரிப் போட்டவன்.

என் மகனிடம் சொன்னேன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "முட்டு எத்தன அடிக்கு ஒண்ணு குடுத்தானாம்?" என்று கேட்டான். சந்தோஷத்தை அவன் இப்படித்தான் காட்டுவான்.

செப்டம்பர் 27

இன்று மகன் வேலை செய்கிற இடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். சந்து குறுகல், மெஷின் நுழையாது, கையால்தான் வெட்டுகிறார்கள். இவன் தலைக்கு மேலே போய்விட்டது பள்ளம். கரையில் பலகை போட்டு மேல் ஆள் நின்றான். பேரன் இருந்தவரை அந்த இடம் அவனுடையது. அதற்கு முன் என் வீட்டுக்காரர் காலத்தில் நான் நின்றிருக்கிறேன். கீழே வெட்டுகிறவனுக்குச் சுவர் தெரியாது, மண் மட்டும்தான் தெரியும். மேல் ஆள்தான் சுவரைப் பார்க்கவேண்டும். கரையோரம் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடினால் "ஏறு" என்று ஒரு சத்தம். கீழே இருக்கிறவன் ஏன் என்று கேட்கக் கூடாது, ஏறிவிட வேண்டும். அவன் மேலே வருகிறவரை மேல் ஆள் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. மழை, வெயில், தண்ணீர்த் தாகம், யாராவது கூப்பிடுவது, எதுவும் கணக்கில்லை. எங்கள் ஆட்களில் மண்ணுக்குள் போனவர் யாரும் இல்லை. இதைப் பெருமைக்கு எழுதவில்லை. பெருமைக்கும்தான் எழுதுகிறேன்.

இன்று நின்ற ஆள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு அதட்டு அதட்டினேன். "இந்தக் கெழவிய யாரு கூப்பிட்டது" என்று முணுமுணுத்தான். ஆனால் போனைப் பையில் போட்டுவிட்டான்.

அக்டோபர் 11

பேரன் படம் அனுப்பியிருக்கிறான். தலையில் இரும்புத் தொப்பி, முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. மளிகைக் கடைக்காரரிடம் காட்டினேன், பால்காரரிடம் காட்டினேன், போஸ்ட் ஆபீஸ் வரிசையில் முன்னால் நின்ற அம்மாளிடமும் காட்டினேன். அந்த அம்மாள் தன் பேரனின் படத்தை எடுத்துக் காட்டினாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தார்கள். சேறு பூசினால் எல்லாப் பையன்களும் ஒன்றுதான் போல.

மருமகள் படத்தை வாங்கிப் பார்த்தாள். "கண்ணு உள்ள போயிடுச்சு" என்றாள். எனக்கு அது தெரியவே இல்லை. திரும்பப் பார்த்தேன். ஆமாம்.

நவம்பர் 3

அங்கே மழை விடவில்லையாம். முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். பூட்ஸைக் கழற்றினால் தோலும் கூட வருகிறதாம் — அதை அவன் எனக்குச் சொல்லவில்லை. போனை அவன் அம்மாவிடம் கொடுத்தபோது அவள் கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டாள். "விரல் எல்லாம் உணர்ச்சி இருக்கா? பொய் சொல்லாத. கிள்ளிப் பாரு. இப்ப கிள்ளு" என்றாள். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இன்று தெருவில் யாரிடமும் அவனைப் பற்றிப் பேசவில்லை.

நவம்பர் 9

நல்ல சேதி. அவர்களுடைய அதிகாரி இவன் முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, நீ இங்கே இருக்க வேண்டிய ஆள் இல்லை, பின்னால் பாலமும் ரோடும் போடுகிற பிரிவில் சேர்ந்துவிடு என்றாராம். அங்கே குண்டு விழாது. காய்ந்த இடத்தில் படுக்கலாம். இவன் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.

யோசிக்க என்ன இருக்கிறது?

நவம்பர் 10

மருமகள் நேரே என் முன்னால் வந்து நின்றாள். "நான் சொன்னா அம்மா பயப்படுறாம்பான். அவங்க அப்பா வாயத் தொறக்க மாட்டாரு. நீங்க சொல்லுங்க அத்தை. முன்வரிசை முன்வரிசைன்னு தெரு பூரா தோரணம் கட்டுனது நீங்கதானே, நீங்களே அவுத்து விடுங்க."

வேறு நாளாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இன்று சொல்லவில்லை. தோரணம் என்றாளே, அது சரிதான்.

நவம்பர் 14

பேசிவிட்டேன்.

"பின்னாடி போயிடுடா" என்றேன். அவன் சிரித்தான். "யாரு பேசுறது? எங்க பாட்டியா? போன் மாறி விழுந்துடுச்சா?" என்றான். விளையாடாதே என்றேன். அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"போறேன் பாட்டி. போகமாட்டேன்னு சொல்லல. எனக்குப் பதிலா ஒரு ஆள் வரட்டும். மழையில இந்தச் சுவர் எல்லாம் இளகிக் கெடக்கு. இவனுங்களுக்குப் பள்ளம்னா படுக்குற இடம், அவ்வளவுதான். மேல வெடிப்பு விட்டாக்கூட கோடு போட்டிருக்குன்னு நெனப்பானுங்க. ஆள் வந்தா சொல்லிக் குடுத்துட்டுக் கிளம்பிடுவேன்."

"உன் பாட்டன் சத்தியமா?"

"அவர இழுக்காத. என் சத்தியம்."

மருமகளிடம் சொன்னேன். "ஆள் எப்ப வருவான்?" என்றாள். கேட்காமல் விட்டுவிட்டேனே.

நவம்பர் 17

அடுத்த வாரம் ஆள் வருகிறானாம். பேரன் கட்டில் மெத்தையை வெயிலில் காயப்போட்டேன். அவன் இப்போது வரப்போவதில்லை, பிரிவுதான் மாறுகிறான். இருந்தாலும்.

நவம்பர் 20

மதியம் இரண்டு பேர் வந்தார்கள். உடுப்பில். ஒருவர் வயசானவர். மருமகள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் செருப்பை — இல்லை, பூட்ஸை வாசலில் துடைத்தார்கள், ரொம்ப நேரம் துடைத்தார்கள். அப்போதே தெரிந்துவிட்டது. உள்ளே வர இஷ்டமில்லாதவன்தான் அப்படித் துடைப்பான்.

போயிட்டான். எம்புள்ள போயிட்டான்.

நவம்பர் 21

எதுவும் எழுத இல்லை.

நவம்பர் 24

பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். என் மகன் திறங்கள் என்றான். முடியாது, உத்தரவு என்றார்கள். அவன் பெட்டியைச் சுற்றி வந்து மூலை மூலையாக விரலால் தடவிப் பார்த்தான். ஒரு மூலையில் பலகை சரியாகப் பொருந்தவில்லை. "இத யாரு அடிச்சது, ஆணி வெளிய நிக்குது" என்றான். அந்த வயசானவர் தலையைக் குனிந்துகொண்டார். என் மகன் வீட்டுக்குள் போய்ச் சுத்தியல் எடுத்துவந்து அந்த ஆணியை அடித்து உள்ளே இறக்கினான்.

அந்தச் சத்தத்துக்குத்தான் மருமகள் கத்தினாள். அதுவரைக்கும் அவள் அழவே இல்லை.

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

நவம்பர் 29

தையல்காரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனசோடுதான் வந்தாள். அவள் போன் அடித்தது. மகன். எடுக்காமல் அமுக்கினாள். திரும்ப அடித்தது. "எடுத்துப் பேசு" என்றேன். எழுந்து வெளியே போய், "சாப்பிட்டியா, சளி விட்டுச்சா" என்று கேட்டாள்.

சளி.

எழுதக் கை கூசுகிறது, ஆனால் அந்த நிமிஷம் அவள் மகனும் அந்தப் பள்ளத்தில் கிடந்தால் என்ன என்று தோன்றியது. என்ன ஜென்மம் நான்?

டிசம்பர் 4

மூக்குக்கண்ணாடிப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். விலா எலும்பு உடைந்திருக்கிறதாம், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினான். நாங்கள் மூன்று பேரும் கேட்கும்படி போனை மேஜையில் வைத்தோம். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிவிடுவேன்.

காலை நேரம். மழையில் ஊறிய சுவர் ஒரு இடத்தில் அப்படியே சாய்ந்து, கண்ணாடிப் பையனும் முடிவெட்டுகிறவனும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். கழுத்து வரைக்கும் மண். மற்றவர்கள் ஓடிவந்து தோண்டினார்கள். அடியில் தோண்டத் தோண்ட மேலே இருப்பது இறங்கும். அது எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். பேரன் மண்வெட்டியை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு மேலே ஏறிக் கரையில் நின்றான்.

"குனிடா, சுட்ருவானுங்கன்னு எல்லாரும் கத்தினோம் பாட்டி. குனிஞ்சா தெரியாதுடான்னான்."

ஒரு தடவை "ஏறு" என்று சத்தம் போட்டிருக்கிறான். தோண்டிக்கொண்டிருந்தவர்கள் துள்ளி விலகினார்கள். அவர்கள் நின்ற இடத்தில் சுவர் வந்து விழுந்தது. திரும்பத் தோண்டினார்கள். முடிவெட்டுகிறவனை இழுத்தார்கள். கண்ணாடிப் பையனை இழுத்தார்கள். கடைசிக் காலை வெளியே எடுக்கிறவரை பெருச்சாளி நின்றான் என்றான் அந்தப் பையன். நின்ற இடத்தில் அசையவே இல்லை. எதிரிப் பக்கம் முதுகு. கண் மண்ணில்.

அப்புறம்தான் குண்டு.

"எனக்காக பாட்டி" என்று அழ ஆரம்பித்தான். "விலா வலிக்கும், அழாதடா" என்றேன். வேறு என்ன சொல்வது? போனை அணைத்துவிட்டுப் பார்த்தால் மருமகள் என் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு கத்துக் குடுத்தது?" என்று கேட்டாள்.

அவன் மேஜையிலிருந்த போனைத் திருப்பி வைத்தான்.

"கீழ இருக்கிறவன் ஏறுற வரைக்கும் நகரக் கூடாதுன்னு, யாரு கத்துக் குடுத்தது? அங்க வேலையாய்யா செஞ்சான்? அது சண்டை இல்லையா? சண்டையில எவனாவது நிமுந்து நிப்பானா?"

நானும் சேர்ந்துதானே. அவன் அப்பனுக்குக் கற்றுக் கொடுத்தது அவன் பாட்டன், பக்கத்தில் நின்றது நான். ஆனால் அவள் என்னைக் கேட்கவில்லை. புருஷனைத்தான் கேட்டாள்.

டிசம்பர் 5

அவள் அவனிடம் பேசுவதில்லை. தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள். அவன் வேலைக்குப் போகவில்லை.

டிசம்பர் 13

வார்டு மெம்பர் வண்டி அனுப்பினார். மண்டபத்தில் கூட்டம். வாசலில் பேரனின் படம் பெரிதாக, கையில் துப்பாக்கியோடு. அவன் அப்படி ஒரு படம் எடுத்ததே இல்லை. தலை அவனுடையது, உடம்பு யாருடையதோ. தோள் அகலமே வேறு.

நான் மட்டும்தான் போனேன். போகவேண்டும் என்றுதான் போனேன், பொய் எழுதவில்லை. என் பேரனை ஊர் எழுந்து நின்று கும்பிடுவதைப் பார்க்க ஆசை. எழுந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மெம்பர் மைக்கில், எதிரியின் மேல் புலிபோலப் பாய்ந்து உயிர்விட்டான் என்றார். முன்வரிசையில் இளவட்டப் பையன்களை உட்கார வைத்திருந்தார்கள். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. "வீரனின் பாட்டி இப்போது உங்களை வாழ்த்துவார்" என்று என் கையில் மைக்கைக் கொடுத்தார்.

"அவன் பாயலைங்க" என்றேன். "நின்னான். எதிரிய பாக்கக்கூட இல்ல. மண்ணப் பாத்துக்கிட்டு நின்னான். ரெண்டு பேரு உள்ள இருந்தாங்க."

ஒருத்தர் கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். மெம்பர் மைக்கை வாங்கிக்கொண்டு, "தாய்நாட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டே!" என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். நான் அதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லவே இல்லை. டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

முன்வரிசைப் பையன்களில் ஒருத்தன் வெளியே வந்து என் காலைத் தொட்டான். "ஊட்டுக்குப் போடா" என்றேன். ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டான்.

டிசம்பர் 22

மகன் தாடி வைத்துவிட்டான். காலையில் கடப்பாரையைக் கழுவி வைக்கிறான், சாயங்காலம் பார்த்தால் திரும்பவும் கழுவுகிறான்.

மருமகளிடம் ஜாடையாகச் சொன்னேன், அவனுக்கும் புள்ளதானே என்று. "எனக்குத் தெரியாதா அத்தை" என்றாள். "தெரிஞ்சுதான் பேச முடியல."

ஜனவரி 5

வேலைக்குப் போனான். அப்பாடா.

ஜனவரி 6

அப்பாடா என்று நேற்று எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்ய?

கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். என் மகன் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தார். சேரில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்: "அம்மா, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. மேல் ஆள் வேணாங்குறாரு. நான் ஒருத்தன அனுப்புனேன், கல்லெடுத்து வெரட்டிட்டாரு. எவனும் எனக்காக நிக்க வேணாம், போங்கடாங்குறாரு. ஆத்தோரத்துத் தெரு, ஈர மண்ணு. ஆள் ஒசரத்துக்கு மேல போயிட்டாரு. எனக்குப் பயமா இருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. அவன் வேலைக்குப் போகவில்லை. வேறு எதற்கோ போகிறான்.

நான் போய் நிற்கலாம் என்றால் இந்த முட்டி கால் மணி நேரம் தாங்காது. சாயங்காலம் வந்தவனிடம் கேட்டேன். "மேல யாரும் வேணாம்மா" என்றான். "விழுந்தா விழட்டும். என்னோட போகட்டும்." காலைப் பிடித்துக் கெஞ்சினேன். பெத்தவ கால்ல விழுறேன்டா என்றேன். தூக்கி உட்கார வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

மருமகள் அடுப்படியில்தான் இருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது, திரும்ப ஆரம்பித்தது.

ஜனவரி 7

விடிந்ததும் அவன் போய்விட்டான். நான் எழுந்து அடுப்படிக்குப் போனால் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மருமகளைக் காணோம். துணி துவைக்கிற இடத்தில் இல்லை, தையல்காரி வீட்டில் இல்லை. என்னென்னவோ நினைத்தேன்.

இருந்த சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு ஆற்றோரத் தெருவுக்குப் போனேன். முட்டியாவது மண்ணாவது. தெருமுனை திரும்பும்போதே தெரிந்தது.

கரையில் மருமகள் நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வேலை செய்கிற இடத்துக்கு அவள் வந்ததே கிடையாது. மண் என்றாலே அவளுக்கு ஆகாது, வாசலிலேயே காலைக் கழுவிவிட்டு வா என்பாள். துணியை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, ரொம்பக் கிட்டே, விளிம்பிலேயே நின்றாள்.

உள்ளேயிருந்து என் மகன் குரல்: "போன்னு சொல்றேன்ல. கரை ஓரம் நிக்காத, இளகும்."

அவள் தலைத் துண்டை இறுக்கிக்கொண்டாள்.

"சரி, நிக்கிறதுன்னா பின்னாடி பலகை மேலயாவது நில்லு."

நகர்ந்து பலகைமேல் நின்றாள். கொஞ்ச நேரம் கடப்பாரைச் சத்தமே இல்லை.

"என்ன சும்மா நிக்கிற?" என்றாள். "வெட்டு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அந்தக் கண்ணாடிப் பையன் பேசிய நாளுக்குப் பிறகு அவள் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அது. உள்ளே கடப்பாரை விழுந்தது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

நான் கிட்டே போகவில்லை. மேல் ஆளைக் கூப்பிடக் கூடாது. சாப்பாட்டைக் கான்ட்ராக்டர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். மருமகள் வாசலில் உட்கார்ந்து இரண்டு கண்ணையும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "எரியுது அத்தை. இமைக்கவே பயமா இருந்துச்சு" என்றாள். தண்ணீர் சுடவைத்துக் கொடுத்தேன். முதலில் அவனுக்கு ஊற்றச் சொன்னாள்.